முத்துப்பேட்டை மர நடைபாதையில் பறவை பார்க்க: எப்போது போவது, எங்கே நிற்பது?

வெண்ணாறு_கலா (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போக நினைத்திருக்கிறேன். பையன் ஆறாம் வகுப்பு. மொட்டை மாடியில் நின்று பார்த்த பறவைகளையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வருகிறேன் என்கிறார்.

முன்பு ஒரு தடவை உறவினர்களோடு போயிருக்கிறோம். படகில் போய் இறங்கி, மர நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தோம், படம் எடுத்துக்கொண்டோம், திரும்பிவிட்டோம். கண்ணில் பட்டது கொக்கும் நீர்க்காகமும்தான். இவ்வளவு பேர் இவ்வளவு பறவை பார்த்ததாக எழுதுகிறார்களே, அதெல்லாம் எங்கே இருந்தன? எந்த நேரத்துக்குப் போக வேண்டும், நடைபாதையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும்? கோடியக்கரையையும் அதே பயணத்தில் சேர்க்கலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

லகூன்காரன் (முத்துப்பேட்டை)

கலாக்கா, வாங்க. நம்ம ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நானே முதலில் சொல்கிறேன்.

அந்த நடைபாதை நடப்பதற்குப் போட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அது நிற்பதற்கான இடம். பலகையில் ஐந்தாறு பேர் திமுதிமுவென்று நடந்தால் கீழே சேற்றில் இருக்கிற நண்டெல்லாம் அந்த நொடியே வளைக்குள் போய்விடும். சேற்றின் மேலே துள்ளித் திரிகிற சின்ன மீன்களும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இரை உள்ளே போய்விட்டால் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் அங்கே என்ன வேலை? நீங்கள் நடந்த பாதை முழுக்க உங்களுக்கு முன்னாலேயே காலியாகிக்கொண்டு வந்திருக்கும்.

ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒற்றைக் கொடுக்குப் பெரிதாக இருக்கிற ஆண் நண்டுகள் வெளியே வரும். வந்து அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டும். அப்புறம் துள்ளுகிற மீன்கள். அதற்கப்புறம்தான் பறவை. கிளையில் இவ்வளவு நேரமும் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த வக்கா (இராக்கொக்கு) அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அது எங்கிருந்தும் வந்திருக்காது, அங்கேயேதான் இருந்திருக்கும்.

இடம் என்று கேட்டால், வாய்க்கால் பாதையை ஒட்டி வருகிற இடத்தையும் பாதை திரும்புகிற மூலையையும் பாருங்கள். மரம் அடர்ந்த நடுப்பகுதியில் நாலடிக்கு மேல் பார்வை போகாது. வாய்க்கால் ஓரமாக இருந்தால் இரண்டு பக்கமும் நீளமாகத் தெரியும், மீன்கொத்தி உட்காருகிற கிளைகளும் அங்கேதான்.

நேரம்: நீர் வற்றத் தொடங்குகிற நேரம் நல்லது. கடிகாரத்தில் காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு வந்தால் சில நாள் சேறே வெளியே தெரியாது. இந்தப் பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குகிற உயரம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் இங்கே தரை அவ்வளவு தட்டை. ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பெரிய பரப்பு சேறு வெளியே வந்துவிடும். ஒரு நாள் பார்த்த நேரத்தைவிட மறுநாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) கைப்பேசியிலேயே கிடைக்கும். ஆனால் அது கடலோரத்துக்கு. லகூனுக்குள்ளே (கடலை ஒட்டிய காயலுக்குள்ளே) வாய்க்கால் வழியாக நீர் வந்து சேரத் தாமதமாகும். முந்தின நாள் படகுக்காரரிடம் "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வத்தும்?" என்று கேட்டால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

நீலச்சிறகி (திருவாரூர்)

லகூன்காரன் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டீச்சர்... கலாக்கா (நீங்கள் டீச்சர் இல்லையென்றால் மன்னிக்கவும், எழுத்து அப்படி இருந்தது).

அலையாத்திக் காட்டுக்குள் இருக்கிற பறவை வேறு, லகூனின் திறந்த சேற்றில் இருக்கிற பறவை வேறு. படங்களில் பார்க்கிற பூநாரைக் கூட்டமும் உள்ளான் (சேற்றில் இரை தேடும் சிறு கரையோரப் பறவை) கூட்டமும் மரங்களுக்கு நடுவே வராது. அவற்றுக்கு நாலு பக்கமும் தூரம் தெரிய வேண்டும், வல்லூறு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நடைபாதையில் நின்றுகொண்டு பூநாரையைத் தேடினால் ஏமாற்றம்தான்.

நடைபாதையில் தேட வேண்டியவை: கருந்தலை மீன்கொத்தி (பவள நிற அலகு, கறுப்புத் தலை, ஊதா நீல முதுகு, உள்நாட்டுக் குளங்களில் பார்ப்பது அரிது, அலையாத்திக் காட்டில் பார்க்கலாம்), வெண்மார்பு மீன்கொத்தி, சிறு மீன்கொத்தி, வக்கா, பச்சைக் கொக்கு, சின்ன வெள்ளைக் கொக்கு. சின்ன வெள்ளைக் கொக்கின் காலைப் பையனிடம் காட்டுங்கள். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பாதத்தைச் சேற்றில் நடுக்கி நடுக்கி இரையைக் கிளப்பும். மேலே செம்பருந்து எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் விராலடிப்பானும் வரும். காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பையன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான்.

படகிலிருந்தும் லகூன் ஓரத்திலிருந்தும் தேட வேண்டியவை: கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து, மீசை ஆலா, காஸ்பியன் ஆலா (பெரிய சிவப்பு அலகு), பழுப்புத்தலைக் கடற்காகம், பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான், கொசு உள்ளான், உப்புக்கொத்தி வகைகள்.

பவளக்காலியை மட்டும் முதலிலேயே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆரஞ்சுச் சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. யார் வந்தாலும் முதலில் கத்துவது அதுதான். அது கத்தியதும் மற்றவையும் எழும்பும். எனவே அது தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கருவியைப் பற்றி: 8x42 இருகண்நோக்கி போதும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மரப்பலகையில் யாராவது நடந்தால் முக்காலி ஆடும். முப்பது மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த ஆட்டமும் பெரிதாகும். முக்காலியின் கால்களைப் பலகையின் நடுவில் வைக்காமல், தூண் வருகிற இடத்துக்கு மேலே வையுங்கள். கூட வருகிறவர்களும் நிற்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் லகூன்காரன் அண்ணன் சொன்ன இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

ராஜமன்னை88 (மன்னார்குடி)

நான் படம் எடுக்கிறவன். என் கருத்து கொஞ்சம் வேறு. காட்டுக்குள் நடைபாதை போட்டு என்ன பயன், நீங்களே சொல்கிறீர்கள் அங்கே மீன்கொத்தியும் கொக்கும்தான் என்று. கோடியக்கரைப் பக்கம் திறந்த சதுப்பில், பூநாரை நிற்கிற இடம்வரை ஒரு நடைபாதை போட்டால் மக்கள் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். கிட்டப் பார்த்தால்தானே பாசம் வரும்? இப்போது பூநாரை என்றால் தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு. 400 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தாலும் புள்ளிதான். வெளிநாட்டுச் சதுப்புகளில் கிலோமீட்டர் கணக்கில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நம் டெல்டாவுக்கு ஏன் கூடாது?

உப்பளத்துப்பிள்ளை (வேதாரண்யம்)

தம்பி, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. எங்கள் குடும்பம் தலைமுறையாக அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்புப் பாத்தியில் வேலை செய்த குடும்பம். அந்தச் சதுப்பைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீலச்சிறகி சொன்னது போல, பூநாரைக்கு வெட்டவெளி வேண்டும். தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரையும் சேற்றையும் வடிகட்டித் தின்கிற பறவை அது. தலை கீழே இருக்கும்போது அதற்கு நம்பிக்கை வேண்டும், சுற்றிலும் எதுவும் நெருங்கவில்லை என்று. நடுச் சதுப்பில் மேடையும் கைப்பிடியும் தலைகளும் தெரிந்தால் அது தள்ளிப் போகும். தள்ளிப் போகிற இடத்தில் ஆழம் சரியாக இருக்குமா, இரை இருக்குமா என்பது வேறு விஷயம். நீங்கள் நூறு மீட்டர் கிட்டப் போனால் அது இருநூறு மீட்டர் எட்டப் போகும். கடைசியில் உங்கள் லென்ஸுக்கு அதே புள்ளிதான் மிஞ்சும், பறவைக்கு மேய்ச்சல் நிலம் போய்விடும்.

இன்னொன்று. கொசு உள்ளான் இருக்கிறதே, முப்பது கிராம்கூட இருக்காது. அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடக்கே. பங்குனி, சித்திரையில் வந்து பாருங்கள், கிளம்புவதற்கு முன் வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறமாக மாறிக்கொண்டிருக்கும். அந்த வாரங்களில் அவை கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு தடவை நாம் கிளப்பிவிடும்போதும் அவை சேர்த்ததில் கொஞ்சம் செலவழிகிறது. கூட்டம் எழும்புகிற படம் அழகாக இருக்கும், ஆனால் அதற்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு குழு வேண்டுமென்றே கூட்டத்தை நோக்கி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. கோடியக்கரைக் காடு, பஞ்சநதிக்குளம் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர், அத்தனையும் ஒரே ராம்சர் பகுதி. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடமே இதுதான். கலா அம்மா கேட்ட முத்துப்பேட்டையும் நீங்கள் கேட்கிற கோடியக்கரையும் காகிதத்திலும் ஒன்று, பறவைக்கும் ஒன்று. ஒரு பக்கம் தண்ணீர் அதிகமானால் மறுபக்கம் போகும். எல்லா மூலையிலும் நாம் போய் நின்றால் அது எங்கே போகும்?

நடைபாதைக்கு நான் எதிரி இல்லை. அலையாத்திக் காட்டுக்குள் அது நல்ல காரியம் செய்கிறது. மனிதர் எங்கே இருப்பார் என்று பறவைக்குத் தெரிந்துவிடுகிறது. பலகையை விட்டு யாரும் இறங்குவதில்லை, சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சுவேரை மிதிப்பதில்லை. நாள்பட நாள்பட அதைப் பற்றிப் பறவைக்குப் பயம் குறைகிறது. ஆனால் அந்த நன்மைக்குக் காரணம் அங்கே மரம் நம்மை மறைப்பது. வெட்டவெளியில் மறைவு கிடையாது.

ராஜமன்னை88 (மன்னார்குடி)

அண்ணே, கைதட்டி எழுப்புகிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள், அதை நானும் வெறுக்கிறேன். நீங்கள் சொன்ன மறைவு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. கலாக்காவின் அம்மா மாதிரி முழங்கால் வலியுள்ளவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இவர்களெல்லாம் பூநாரையைப் பார்க்கவே வழி இல்லையா? வரப்பில் நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பறவையா?

வெண்ணாறு_கலா (தஞ்சாவூர்)

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கிட்டப் போக வேண்டாம், உட்கார ஒரு இடம் இருந்தால் போதும்" என்றார். நடைபாதைகளில் எல்லோரும் மறந்துவிடுவது அதைத்தான். கைப்பிடி இருக்கிறது, உட்காரப் பலகை இல்லை. பத்து நிமிடம் நில் என்றால் வயதானவர்களால் எப்படி நிற்க முடியும்? கைப்பிடியின் உயரமும் பெரியவர்கள் நிற்கிற கணக்கில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, குழந்தைக்கோ கண்ணுக்கு நேரே கட்டைதான் தெரியும்.

(நான் டீச்சர்தான் நீலச்சிறகி, சரியாகக் கண்டுபிடித்தீர்கள்.)

உப்பளத்துப்பிள்ளை (வேதாரண்யம்)

ராஜமன்னை தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் இது: சதுப்புக்குள் புதிதாக எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற சாலை ஓரத்திலும் மேட்டுக் கரையிலும் ஒரு மறைகூண்டு போடலாம். கீற்றுத் தடுப்பு, உள்ளே பெஞ்சு, உட்கார்ந்த கண்மட்டத்தில் ஒரு நீளத் திறப்பு, காரிலிருந்து இறங்கி நாலு எட்டில் போகிற தளம். உள்ளே இருப்பவர் பறவைக்குத் தெரிய மாட்டார். பறவை தானாகக் கிட்ட வரும், நாம் போவதைவிட அது வருவது நல்லது.

அதுவரைக்கும் காரே மறைகூண்டுதான். கரையோரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருங்கள். கதவைத் திறக்காதீர்கள். உள்ளான்கள் வண்டிக்கு அவ்வளவாகப் பயப்படாது, மனித உருவம் இறங்கினால்தான் எழும்பும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் மிக வசதி.

உப்பளம் பக்கம் வந்தால் எந்தப் பாத்தியைப் பார்ப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடல்நீரை முதலில் தேக்குகிற பெரிய பாத்திகளில் மீன் இருக்கும், ஆலாவும் கொக்கும் அங்கே. அடுத்தடுத்த பாத்திகளில் உப்பு ஏற ஏற மீன் செத்துப்போய், உப்புநீரில் வாழ்கிற சின்ன இறால் மாதிரி உயிர்கள் பெருகும். உள்ளானும் பூநாரையும் அதைத் தேடி வரும். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் ஒன்றும் இருக்காது. வெள்ளையாகப் பளபளக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பாத்தி வரப்பில் ஏறும் முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் பிழைப்பு, வரப்பு உடைந்தால் நாள்கணக்கில் சேர்த்த நீர் போய்விடும்.

பழைய_வாத்தியார் (பட்டுக்கோட்டை)

விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். நல்ல விவாதம் நடக்கிறது, ஒரு விஷயம் மட்டும் இன்னும் யாரும் தொடவில்லை. அந்த நடைபாதைக்குக் கீழே இருக்கிற காடு தானாக அப்படி நிற்கவில்லை.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி எடுக்கிற முறை இருந்தது. விறகுக்கும் மரத்துக்கும் வெட்டினார்கள். மரம் போன தரையில் வெயில் நேராக விழுந்தது, சேறு காய்ந்து இறுகித் தாழ்ந்தது, நடுவில் பள்ளமாகிவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்று ஆவியானது. உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் அலையாத்தி விதைகூட முளைக்கவில்லை. மக்கள் ஆடுமாடு மேய்த்ததால்தான் காடு அழிந்தது என்று பழி வேறு சொன்னார்கள். உண்மையான காரணம் நீர் ஓட்டம் நின்றதுதான்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அந்தப் பள்ளங்களில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். கடல்நீர் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, வாய்க்கால் சரிவில் நட்ட அலையாத்திக் கன்றுகள் பிடித்துக்கொண்டன. லகூன்காரன் தம்பி, வாய்க்கால் ஓரமாக நிற்கச் சொன்னீர்களே, மனிதர் வெட்டிய வாய்க்காலாக இருந்தாலும் மீன்கொத்திக்கு அது வாய்க்கால்தான். நீர் வற்றும்போது உள்ளே இருக்கிற மீன்குஞ்சு அதன் வழியாகத்தான் வெளியே வரும். மீன்கொத்தி அங்கே காத்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காடு முழுக்கக் கிளை முறிந்து, இலை கருகிக் கிடந்தது. கோடியக்கரையில் வெளிமான்களும் பறவைகளும் செத்துக் கிடந்தன. அலையாத்தி என்ற மர வகைக்கு (காட்டின் பெயரும் அதுதான்) ஒரு குணம் உண்டு, அடிமரம் உயிரோடு இருந்தால் மீண்டும் துளிர்க்கும். இதே காட்டில் வளர்கிற சுரபுன்னை வகை மரங்களுக்கு அந்தத் திறன் குறைவு. முத்துப்பேட்டையில் பெரும்பகுதி அலையாத்தியாக இருந்ததால் பல இடங்களில் பச்சை திரும்பியது.

ஆனால் பெரும்பகுதி அலையாத்தியாக இருப்பதும் நல்ல செய்தி மட்டும் இல்லை. அலையாத்தி உப்பைத் தாங்கும், இலை வழியாக உப்பை வெளியேற்றும். (நடைபாதையில் கைக்கு எட்டுகிற இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பையனுக்குப் புரியும்.) நன்னீர் தேவைப்படுகிற மற்ற மரங்கள் குறைந்ததால்தான் இது மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் காவிரியின் கடைக்கோடி. மேட்டூரில் ஜூன் 12-ல் திறக்கிற தண்ணீர் வயலுக்குப் போய், வடிகாலுக்கு வந்து, கடைசியில் லகூனுக்கு வருகிறது. கடைமடை விவசாயி தண்ணீருக்கு ஏங்குகிற வருடம் லகூனும் ஏங்குகிறது. நன்னீர் குறைந்தால் இறாலும் மடவைக் குஞ்சும் குறைகின்றன, பறவையும் குறைகிறது. கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்று பேசுகிறவர்களை நான் வகுப்பிலேயே மறுத்திருக்கிறேன், இங்கேயும் மறுக்கிறேன். நடைபாதையைப் பத்தடி நீட்டுவதா வேண்டாமா என்பதைவிட, அதன் கீழே ஓடுகிற நீர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீலச்சிறகி (திருவாரூர்)

ஐயா, இதை நாங்கள் வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் மார்கழி, தையில் வாத்துகள் கூடுவதும், மழை ஏமாற்றிய வருடத்தில் உள்ளான்கள் மட்டும் நிறைய இருப்பதும் இதனால்தான் என்று இப்போது புரிகிறது. வாத்துக்கு நீர்ப்பரப்பு வேண்டும், உள்ளானுக்குச் சேறு போதும்.

வெண்ணாறு_கலா (தஞ்சாவூர்)

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். பையன் இலையை நக்கிப் பார்க்கப் போகிறேன் என்று இப்போதே குதிக்கிறான்.

இப்போது நடைமுறைக் கேள்விகள். தஞ்சாவூரிலிருந்து வருகிறோம். வழியில் வேறு எங்காவது நிறுத்தலாமா? அம்மா படகில் ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்குமா? கோடியக்கரையை அதே நாளில் வைக்கலாமா, வேறு நாளா?

லகூன்காரன் (முத்துப்பேட்டை)

அம்மாவைப் பற்றி முதலில். நடைபாதை கஷ்டம் இல்லை, படகு கிளம்புகிற ஜாம்புவானோடையில் படகில் கால் வைக்கிற அந்த ஒரு எட்டுதான் கஷ்டம். நீர் ஏறியிருக்கும்போது படகு கரைக்குச் சமமாக இருக்கும், வற்றும்போது தாழ்ந்துவிடும். அதனால் நீர் நிறைந்திருக்கும்போது ஏறிவிடுங்கள். போய்ச் சேர்வதற்குள் வற்றத் தொடங்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். திரும்பி வரும்போது படகிலிருந்து மேலே ஏற வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு பேர் கைகொடுத்தால் போதும். வனத்துறை அனுமதியும் படகும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் கூட்டம் அதிகம், நடைபாதையும் திறந்திருக்கிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மடக்கு முக்காலி எடுத்து வாருங்கள், அம்மா வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

படகுக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், "பறவை தெரிந்தால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள், கிட்டப் போக வேண்டாம்" என்று. நிறையப் பேர் கிட்டப் போகச் சொல்லி அவசரப்படுத்துவதால்தான் அவர்களும் போகிறார்கள். நிறுத்தச் சொன்னால் சந்தோஷமாக நிறுத்துவார்கள். அவர்களில் பலர் மீன்பிடிக்கிறவர்கள், எந்த மேட்டில் எந்தப் பறவை நிற்கும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். பெயர் வேறாகச் சொல்லலாம், பறவை தப்பாது. தண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் கையோடு. லகூனில் நிழல் கிடையாது, கடையும் கிடையாது. பிளாஸ்டிக் எதுவும் பலகை இடுக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் எடுக்க வழியில்லை.

ராஜமன்னை88 (மன்னார்குடி)

வழியில் நிறுத்த வடுவூர் ஏரி. தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே வரும். அம்மா கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை போகும்போது உதயமார்த்தாண்டபுரம். இரண்டுமே 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. உதயமார்த்தாண்டபுரத்தில் ஏரிக்குள் இருக்கிற மரங்களில் நத்தை குத்தி நாரை கூடு கட்டும். பக்கத்து வயலில் நத்தை பொறுக்கிக்கொண்டு போய்க் குஞ்சுக்குக் கொடுக்கும். கிட்ட, தெளிவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பூநாரைக்காக நான் ஆசைப்பட்டது இங்கே நாரையில் கிடைக்கிறது.

கோடியக்கரைக்கு மறைகூண்டு யோசனையை உப்பளத்து அண்ணனோடு சேர்ந்து எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். கண்மட்டத் திறப்பு, பெஞ்சு, சக்கர நாற்காலித் தளம் மூன்றையும் படம் வரைந்தே கொடுத்துவிடலாம். நடைபாதை யோசனையை விட்டுவிட்டேன்.

உப்பளத்துப்பிள்ளை (வேதாரண்யம்)

தம்பி, வரைந்து அனுப்புங்கள், எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் பேசுகிறேன்.

கலா அம்மா, கோடியக்கரையைத் தனி நாளாக வையுங்கள். காலையில் காட்டுக்குள் வெளிமான், பிற்பகலில் சதுப்பு. சூரியன் மேற்கே இறங்கும்போது நீங்கள் மேற்குக் கரையில் இருந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும், காலின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். பஸ்ஸிலோ ரயிலிலோ வருவதாக இருந்தால் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயில் 2023-லிருந்து மறுபடி ஓடுகிறது. அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். காட்டுக்குள் புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் ஆறுமணிக்குருவியும் பார்க்கலாம், தையில் அது கஷ்டம். இந்த மூலையில்தான் கடற்கரை தெற்கே போவதை விட்டுச் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கரையைப் பிடித்துக்கொண்டு வருகிற பறவைகள் இங்கே வந்து குவிவதற்கு அது ஒரு காரணம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைக் காலில் வளையம் போட்டு வருகிறார்கள். சலீம் அலியும் இங்கே வந்து வேலை செய்தவர். காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ள உள்ளான் கண்ணில் பட்டால், எந்தக் கால், என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று பையனைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெண்ணாறு_கலா (தஞ்சாவூர்)

அத்தனைக்கும் நன்றி. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை முதல் நாள் என்றால் அவசரமாகிவிடும் போலிருக்கிறது. வடுவூரைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்கிறேன். பையன் கடைசியாக ஒன்று கேட்கிறான்: பெயர் தெரியாத உள்ளான் வந்தால் நோட்டில் என்ன எழுதுவது, விட்டுவிடலாமா?

நீலச்சிறகி (திருவாரூர்)

விடவே கூடாது. "உள்ளான் வகை, பெயர் தெரியவில்லை, இத்தனை" என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அலகு நீளமா குட்டையா, நேரா வளைவா, கால் என்ன நிறம், சேற்றின் மேலே கொத்தியதா உள்ளே விட்டுத் துழாவியதா என்று நாலு வார்த்தை. அலகின் நீளம்தான் அது எவ்வளவு ஆழத்து இரையைத் தின்னும் என்பதைத் தீர்மானிக்கிறது. கொசு உள்ளான் மேலே கொத்தும், கருவால் மூக்கன் அலகை முழுக்க உள்ளே இறக்கும். இந்த ஒரு குறிப்பை வைத்தே பாதிப் பெயரை வீட்டுக்கு வந்து கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் வருகிற நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதிகிற இணையதளம்) ஏற்றினால் அதுவே ஒரு பட்டியல். நடைபாதையில் வாய்க்கால் ஓரம் ஒன்று, படகில் ஒன்று, உதயமார்த்தாண்டபுரத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். தொடங்கிய நேரத்தோடு, நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும் குறிப்பில் எழுதட்டும்.